மாடிப்படியில் தெரியும் நாடி

ஜனவரி 6

எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் நடுங்கித் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு. உட்கார்ந்திருக்கும்போது நாடி 72. டாக்டருக்கு அதில் திருப்தி. ஆனால் இரண்டாவது மாடிக்குப் போவதற்குள் கால்களில் இரும்பைக் கட்டிவிட்டதுபோல் கனக்கிறது. துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோபிரோலால் மாத்திரை தொடங்குவதற்கு முன்பு நாலு படி ஏறினாலே நெஞ்சு படபடவென்று அடித்து 150-ஐத் தாண்டும். அந்தப் படபடப்பு போனது பெரிய நிம்மதி. இப்போது உடம்பு வேகமெடுக்கவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 11

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது. மூன்று துடிப்பு அடுத்தடுத்து ஓடிவரும், அப்புறம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று ஒன்று பலமாக இடிக்கும். முழு ஒரு நிமிடம் எண்ணினால்தான் கணக்கு. அதிலும் சில துடிப்புகள் விரலுக்குத் தப்பிவிடும். இதயம் நிரம்புவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், அது தள்ளும் கொஞ்சம் ரத்தம் மணிக்கட்டில் தெரிவதில்லை. இன்று வேகமாக நடந்தபோது கைக்கடிகாரம் 96 காட்டியது, நெஞ்சில் கட்டிய பட்டை 118. நான் பட்டையைத்தான் நம்புகிறேன்.

ஜனவரி 19

இந்த மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்று படித்தேன். மேலறைகள் நடுங்கிக்கொண்டு சிக்னல்களை அள்ளி வீசுகின்றன. அவற்றில் எத்தனை கீழே போகலாம் என்று வடிகட்டுவது நடுவிலுள்ள ஏவி நோட். வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகளெல்லாம் அங்கேதான் கைவைக்கின்றன, ஆனால் வழி வேறு.

டிஜாக்சின் பெரும்பாலும் இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் வழியாக வேலை செய்கிறது. ஓய்வில் அந்த நரம்பின் கை ஓங்கியிருக்கும், மாத்திரையும் கேட்கும். எழுந்து நடந்தால் அட்ரினலின் மேலேறும், மாத்திரையின் பிடி தளர்ந்துவிடும். பீட்டா பிளாக்கர் (என் மெட்டோபிரோலால் இந்த வகைதான்) அட்ரினலினையே மறிப்பதால் உழைக்கும்போதும் பிடித்து நிறுத்தும், சிலருக்குத் தேவைக்கு மேலேயே. டில்டியாசெமும் வெரபமிலும் கால்சியம் நுழையும் வழியை மட்டுப்படுத்துகின்றன.

நார்வேயில் நிரந்தர ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 60 பேருக்கு, பீட்டா பிளாக்கரில் இரண்டு, கால்சியம் வகையில் இரண்டு என நான்கு மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாடியை அதிகம் குறைத்தது டில்டியாசெம். உடற்பயிற்சித் திறன் பீட்டா பிளாக்கரில் குறைந்தது, கால்சியம் வகையில் குறையவில்லை. அவர்கள் யாருக்கும் இதயச் செயலிழப்பு கிடையாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஜனவரி 23

டாக்டரிடம் நேராகவே சொன்னேன்: “நாற்காலியில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறேன் சார், படியேறினால்தான் முடியவில்லை.” உடனே வராந்தாவில் என்னை வேகமாக நடக்கவைத்து ஈசிஜி எடுத்தார். இதை முதலிலேயே எல்லோருக்கும் செய்யலாமே என்று ஆதங்கமாக இருந்தது. வாழ்வது நாற்காலியிலா?

எக்கோவில் இதயத்தின் பம்பு வேலை நன்றாக இருந்ததால் டில்டியாசெமுக்கு மாறலாம் என்றார். பம்பு பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. “பழையதைச் சட்டென்று நிறுத்திடாதீங்க, நாடி எகிறிடும். நான் எழுதித் தர்ற மாதிரி படிப்படியாத்தான் குறைக்கணும். ரெண்டையும் நீங்களா சேர்த்துப் போடவும் கூடாது, துடிப்பு ஒரேயடியா இறங்கிடும்.” ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையில் மாற்றமில்லை.

ஓய்வில் எத்தனை வரை போகலாம் என்று கேட்டேன். நெதர்லாந்தில் 614 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வைச் சொன்னார். ஓய்வில் 110-க்குக் கீழே வைத்ததும் 80-க்குக் கீழே இறுக்கிப் பிடித்ததும் பலனில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தனவாம். 72-லிருந்து கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம் என்று அப்போதுதான் தைரியம் வந்தது.

பிப்ரவரி 14

நடக்கும்போது நாடி முன்பைவிட ஏறுகிறது, கால் கனம் பாதிகூட இல்லை. நாடி அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம் என்று 220-இலிருந்து வயதைக் கழித்துப் பார்க்கும் கணக்கை விட்டாயிற்று. மாத்திரை போடுபவர்களுக்கும் தாறுமாறான துடிப்புக்கும் அது பொருந்தாது. ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்க்கிறேன். பேச்சு துண்டுதுண்டானால் வேகத்தைக் குறைக்கிறேன். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் அங்கேயே நிறுத்தி உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும், ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ பேச்சே கிடையாது.

கணுக்கால் சாயங்காலத்தில் லேசாக வீங்குகிறது. டில்டியாசெமால் வரக்கூடியதுதான். அடுத்த முறை போகும்போது காட்ட வேண்டும்.