ருட்பெக்கியுஸ் குடும்பத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

நானூறு வருடத்துக் குடும்ப வரலாற்றை ஒரு சாதாரண விவசாயியின் பேரனும் இன்று ஸ்வீடனில் தேடி எடுக்க முடிகிறது. அதற்கு முதல் நன்றி வெஸ்தெரோஸ் பிஷப் யொஹான்னஸ் ருட்பெக்கியுஸுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. அவரைக் கண்டிப்பான இறையியலாளராகவும் பள்ளி நிறுவனராகவும் நினைவுகூர்கிறார்கள். அவர் எழுத வைத்த பதிவேடுகளைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்.

1581இல் ஒரெப்ரூ ஊருக்கு அருகே பிறந்தவர். ஜெர்மனியின் விட்டன்பர்கில் படித்துவிட்டு, 1604இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். பிறகு எபிரேயம், அதன்பின் இறையியல். உப்சாலாவில் அவருக்கும் சக பேராசிரியர் யொஹான்னஸ் மெஸ்ஸெனியுஸுக்கும் கடும் பகை. இருவரும் கட்டணம் வாங்கித் தனியாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள். யாரிடம் மாணவர் சேருவது என்ற போட்டி முற்றியதில் பல்கலைக்கழகமே இரண்டு கட்சியாகப் பிளந்தது. 1613இல் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் இருவரையும் அங்கிருந்து நகர்த்தினார். மெஸ்ஸெனியுஸ் பிற்பாடு சிறைக்குப் போனார். ருட்பெக்கியுஸ் அரசரின் போதகர் ஆனார். 1618இல் வெளிவந்த ஸ்வீடிஷ் பைபிளைத் திருத்தியவர்களில் அவரும் ஒருவர். 1619 முதல் 1646இல் இறக்கும்வரை வெஸ்தெரோஸில் பிஷப்.

1623இல் அவர் அங்கே தொடங்கிய கிம்னாசியம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மேல்நிலைப்பள்ளிதான் ஸ்வீடனின் முதல் கிம்னாசியம். அவர் பெயரில் இன்றும் ஒரு மேல்நிலைப்பள்ளி அந்த ஊரில் இயங்குகிறது. 1632இல் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி வைத்தார். அந்தக் காலத்து ஏழை மாணவன் எப்படிச் சாப்பிட்டான் என்று தெரிந்தால்தான் கிம்னாசியத்தின் கணக்குப் புரியும். ஒவ்வொருவனுக்கும் சில திருச்சபைப் பகுதிகள் ஒதுக்கப்படும். விடுமுறையில் அங்கே வீடு வீடாகப் போய்த் தானியமும் காசும் திரட்டி வருவான். கூச்சப்பட வேண்டிய பிச்சையாக அதை யாரும் பார்க்கவில்லை. பள்ளியின் ஏற்பாடே அதுதான்.

இனிப் பதிவேடுகள். திருமுழுக்கையும் திருமணத்தையும் எழுதி வைக்கும்படி 1620களில் தன் மறைமாவட்டப் போதகர்களை அவர் பணித்தார். நாடு முழுவதற்கும் இது சட்டமானது 1686இல்தான். அதனால்தான் மிகப் பழைய ஏடுகள் வெஸ்தெரோஸ் பக்கத்தில் கிடைக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகம் அவற்றின் படங்களை 2018 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. திறந்து பார்ப்பது சுலபம், படிப்பதுதான் கடினம்.

முதல் தடங்கல் தேதி. பல ஏடுகளில் மாதமும் நாளும் இருக்காது. 'திரித்துவ ஞாயிறுக்குப் பின் 3ஆம் ஞாயிறு' என்று லத்தீனில் சுருக்கமாக இருக்கும். அந்த ஆண்டின் ஈஸ்டர் தெரிந்தால் கணக்குப் போடலாம். 1630ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அதன்படி ஈஸ்டர் மார்ச் 28. அதற்கு 56 நாள் கழித்து, மே 23இல் திரித்துவ ஞாயிறு. மூன்று வாரம் கூட்டினால் ஜூன் 13. இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாற்ற 10 நாள் கூட்ட வேண்டும்: ஜூன் 23. கிரிகோரியன் ஈஸ்டர் அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டால் ஞாயிறே தவறிப்போகும். 1700க்கும் 1712க்கும் நடுவில் ஸ்வீடன் யாரோடும் ஒத்துப்போகாத தனி நாட்காட்டி வைத்திருந்தது, அதைச் சரிசெய்ய 1712இல் பிப்ரவரி 30 என்றொரு நாள் வந்தது. ஏட்டில் அதைக் கண்டால் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

அடுத்தது பெயர். 'யொஹான்னஸ் யொஹான்னிஸ் ருட்பெக்கியுஸ்' என்றால் யொஹான்னஸின் மகன் யொஹான்னஸ். யாக்கோபுஸ், பெத்ருஸ் என்ற சகோதரர்களுக்கும் நடுப்பெயர் யொஹான்னிஸ்தான். மகனுக்கும் தகப்பன் பெயரையே வைத்துவிட்டால் இரண்டு தலைமுறை ஒரே ஆளாகத் தெரியும். ஆண்டையும் பதவியையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருந்தார்கள். பிஷப்பின் மனைவி கடைசிவரை மாலின் ஹீசிங்தான். ருட்பெக்கியுஸ் என்று தேடினால் அகப்படமாட்டார். திருமுழுக்குப் பதிவுகளில் பல இடங்களில் தாயின் பெயரே இருக்காது. அப்போது ஞானப்பெற்றோர் பட்டியலைப் படியுங்கள். தாயின் சகோதரர்கள் பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருப்பார்கள்.

மாலினுக்கு 1630இல் பிறந்தவர் ஓலாவ்ஸ். நிணநீர் நாளங்களைக் கண்டறிந்து 1652இல் கிறிஸ்டினா அரசியின் முன் காட்டிய ருட்பெக் அவர்தான். பெயரின் லத்தீன் வால் அவர் தலைமுறையில் உதிர்ந்தது. அவர் மகன் ஓலோஃப் உப்சாலாவில் மருத்துவப் பேராசிரியர், தாவரவியலும் கற்பித்தவர். அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இளைஞர் லின்னேயுஸ், பிற்காலத்தில் புகழ்பெற்ற தாவரவியலாளர், ருட்பெக்கியா என்ற பூச்செடிக்குத் தந்தை மகன் இருவர் நினைவாகவும் பெயரிட்டார். ஓலாவ்ஸின் மகள் வெண்டெலா 1696இல் பெத்ருஸ் ஓலாய் நோபெலியுஸை மணந்தாள். ஆல்ஃபிரட் நோபெல் அந்த வழியில் வந்தவர். அங்கேயும் அதே வால் உதிர்ந்திருப்பதைக் கவனியுங்கள். நோபெல் என்று மட்டும் தேடினால் 1696க்குப் போய்ச் சேர முடியாது.