மெக்சிக்கோக்காரி ஆன தூத்துக்குடிக்காரி

தபால்பெட்டியில் வழுவழுப்பான விளம்பரத் தாள் ஒன்று கிடந்தது. பல்வரிசை தெரியச் சிரிக்கும் குடும்பம், பூவேலைச் சால்வை போர்த்திய பாட்டி, ஓரத்தில் ஒரு கிட்டார். எழுத்து முழுவதும் ஸ்பானிஷ். அதில் எனக்குப் புரிந்தவை என் பெயரும் மாதம் கட்ட வேண்டிய டாலரும்தான். பர்னாந்து என்ற பெயரைக் கண்டதும் எங்கோ ஒரு கணினி என்னை மெக்சிக்கோக்காரி என்று தீர்மானித்துவிட்டது. முதலில் தொலைபேசிக்காரர்கள் எழுதினார்கள். பிறகு ஈமச்சடங்குக் காப்பீட்டுக்காரர்கள் எழுதினார்கள். செத்தாலும் ஸ்பானிஷில்தான் சாக வேண்டும் போலிருக்கிறது.

கணினியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1530களில் முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் ஞானஸ்நானத்தோடு விட்டுச்சென்ற பெயர் இது. எங்கள் ஊரில் "பர்னாந்து வீடு எது?" என்று கேட்டால், "எந்தப் பர்னாந்து?" என்று திருப்பிக் கேட்பார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவுக்குக் குடிவந்தால், நகரின் நட்டநடுவில் நிற்கும் பழைய பேராலயத்தின் பெயரே சான் பெர்னாண்டோ. முதல் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, "உன் தாத்தா பெயரில் கோயில் கட்டியிருக்கிறார்கள், வாடகை வருமா என்று கேள்" என்றார் கணவர்.

விற்பவர்களின் அவசரமும் புரிகிறது. 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள், 6 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். சான் அன்டோனியோவில் பத்தில் ஆறு பேருக்கு மேல் அவர்கள்தான். இத்தனை பேரையும் ஒரே மூட்டையாகக் கட்ட நினைப்பதுதான் கோளாறு. கியூபாக்காரருக்குக் கறுப்பு பீன்ஸ் வேண்டும், புவேர்ட்டோ ரிக்கோக்காரருக்குச் சிவப்பு, எங்கள் பக்கத்து மெக்சிக்கர்களுக்குப் புள்ளி போட்ட பின்டோ. 1936இல் நியூயார்க்கில் தொடங்கிய கோயா உணவுப்பொருள் நிறுவனம் பெரிதாக வளர்ந்தது, இந்த அடுப்படி வேறுபாட்டை மதித்ததால்தான் என்பது என் கட்சி.

அந்தத் தாளை நான் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர்களுக்கும் அதே தாள் வந்திருந்தது. உண்மையான ஸ்பானிஷ் பெயர் கொண்ட வீடு. நான்கு தலைமுறையாக டெக்சாஸ். அங்கே நடந்ததைத்தான் விளம்பரக்காரர்கள் பார்த்திருக்க வேண்டும்.

பாட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. பூச்சால்வை எதுவும் கிடையாது. எந்நேரமும் ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணியின் பனியன்தான். ஸ்பானிஷ் அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது, ஆனால் பேச மட்டும்தான் வரும். அவர் படித்த காலத்தில் டெக்சாஸ் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசினால் பிரம்படி. எழுதப் படிக்கக் கற்றதெல்லாம் ஆங்கிலத்தில். நான் பட்டது போதும் என்று மகளுக்கு அந்த மொழியைச் சொல்லியே தரவில்லை. மகளுக்கு இப்போது ஐம்பது வயது. கடைகளில் யாராவது ஸ்பானிஷில் பேச்சுக் கொடுத்தால் முகம் சிவந்து ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அதற்கு எதிராளி வைக்கும் முகம் இருக்கிறதே, அது இன்னும் மோசம். ஸ்பானிஷ் அதிகம் பேச வராத ஹிஸ்பானிக் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர், தம் இனத்தவரே தம்மைக் கூசவைத்ததாகப் பியூ ஆய்வு மையத்தின் 2023 ஆய்வில் சொல்லியிருக்கிறார்கள். பேத்தியோ கைப்பேசிச் செயலியில் தினமும் ஸ்பானிஷ் படிக்கிறாள். கடைசியில் அந்த விளம்பரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தது அவள்தான். மகள் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "இது யாருக்கு எழுதினது, மிஹா?" என்றார். மிஹா என்றால் ஸ்பானிஷில் 'என் மகளே'.

என் எரிச்சல் அங்கேதான் பெரிதாயிற்று. எனக்கு வந்தது வேடிக்கை. அந்த மகளுக்கு வந்தது குத்தல்.

விளம்பரக்காரர்கள் சரியாகச் செய்த காலமும் உண்டு. 1990களில் கலிபோர்னியாவின் பால் வாரியம் ஆங்கில விளம்பரத்தில், வீட்டில் பால் தீர்ந்துபோவதை நகைச்சுவையாக்கியது. ஸ்பானிஷ் பேசும் தாய்மாருக்கு அது நகைச்சுவையாகவே படவில்லை. ஆகவே அவர்களுக்கென்று பாட்டி சமைக்கும் தனி விளம்பரங்கள் எடுத்தார்கள். என் அம்மாவும் சிரித்திருக்க மாட்டார். விடியலில் பால்காரர் சைக்கிள் மணி கேட்காவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் திறக்காது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பார், ஏதோ கப்பல் வரப்போகிறது போல.

ஆனால் அந்த விளம்பரப் பாட்டியை அதற்குப் பிறகு யாரும் அடுப்படியிலிருந்து வெளியே விடவில்லை என்பதுதான் என் குறை.

பக்கத்து வீட்டு மகளுக்குப் பிடித்தது வேறு. பாடகி செலினா ஆங்கிலம் பேசி வளர்ந்த டெக்சாஸ் பெண், ஸ்பானிஷ் பாட்டுகளை உச்சரிப்பு கேட்டுப் பழகிப் பாடியவர், 1995இல் இருபத்து மூன்று வயதில் கொலையுண்டவர். 2018இல் எச்‑இ‑பி மளிகைக் கடைகள் அவர் படம் போட்ட துணிப்பை விற்றன. கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோயின. அந்தப் பையொன்று பக்கத்து வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதில் ஒரு வெங்காயம்கூட இதுவரை ஏறியதில்லை.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. டாலரை ரூபாயாக்கிப் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் பதறாமல் வண்டி ஓட்டுகிறேன். மெக்சிக்கோ மளிகைக் கடையில் புளியங்காய், பச்சை வாழைக்காய், தேங்காய், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் எல்லாம் எந்த வரிசையில் இருக்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். உறைபெட்டியில் வாழையிலைகூட இருக்கிறது, தமாலே என்ற மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை மடிப்பதற்காக. போன ஆகஸ்டில் அதை வாங்கிவந்து வெந்நீரில் நனைத்தேன். வாசனை எழுந்ததும் பனிமய மாதா திருவிழா வந்துவிட்டது, அந்தக் கூட்டம், பீச் ரோட்டு வெயில், மக்ரூன் பொட்டலம், சப்பரத்தின் பின்னால் என்னைத் தொலைத்துவிட்டு அத்தை போட்ட கூச்சல். சோறு ஆறிப்போனது.

இப்போது வீட்டில் வேறு பிரச்சினை. என் மகளுக்கு அடுத்த வருடம் பதினைந்து. அவள் தோழிகளுக்கெல்லாம் கின்ஸெயன்யேரா என்ற பதினைந்தாம் பிறந்தநாள் சடங்கு நடக்கிறது. பூசை, பந்துபோல் விரிந்த கவுன், கிரீடம், மண்டபம், நடனம். இதற்கென்றே தனிக் கடைகள், தனிக் கண்காட்சிகள் உண்டு. வீட்டுக்கு வந்த விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தது. விற்பது யாரிடம் என்று இவர்களுக்காவது தெரிந்திருக்கிறது. எனக்கும் வேண்டும் என்கிறாள். எனக்குச் சடங்கு நடந்தபோது ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுத் தெருவையே கூட்டினார்கள். நான் வெட்கத்தில் மூன்று நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இவள் கேட்டு வாங்குகிறாள்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். "அதெல்லாம் சரி, தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது? உன் தம்பிக்குத் துபாயிலிருந்து லீவு கிடைக்குமா?" என்று கேட்டார். இங்கேயும் செலவை ஞானப்பெற்றோர் பங்குபோட்டுக்கொள்வார்கள், ஒருவர் கேக், ஒருவர் கிரீடம் என்று விளக்கினேன்.

"அப்படியானால் கவுனை மாமன் தலையில் கட்டு" என்றார் அம்மா. "கேக்கை உன் கொழுந்தனார் பார்த்துக்கொள்ளட்டும். கல்யாணத்தில் அவர் ஒன்றும் செய்யவில்லை."