கௌசல்யா கிடைக்கவில்லை, வெள்ளைச்சாமி கெட்டுப்போனார்

எங்கள் ஊர் மன்றத்தில் ரத்தம் கொடுக்க முன்வருபவர்களின் பட்டியல் முதலில் நீள நோட்டில் இருந்தது, அப்புறம் எக்செலுக்கு வந்தது. பெயர்கள் 1,400-ஐத் தாண்டியதும் அதை லிப்ரே ஆபீஸ் பேஸ் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளில் ஏற்றினேன். பெயர், ஊர், ரத்த வகை, ஆணா பெண்ணா, போன், கடைசியாகக் கொடுத்த தேதி, அவ்வளவுதான். ஏற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. அதில் ஒழுங்காகத் தேடக் கற்றுக்கொள்ளத்தான் இரண்டு மாதம் ஆனது.

முதல் நாளே ஒரு பயம். அட்டவணையைத் திறந்தால் கீழே பதிவுகளின் எண்ணிக்கை நூறுகூடக் காட்டவில்லை. மீதியெல்லாம் போய்விட்டது என்று வியர்த்துவிட்டது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருந்ததைக் கவனிக்கவில்லை. இன்னும் எல்லாப் பதிவுகளையும் படித்து முடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். கடைசிப் பதிவுக்குத் தாவினால் நட்சத்திரம் மறைந்து முழு எண் வந்துவிடும்.

தேடுவது வேறு, வடிகட்டுவது வேறு என்பதும் உடனே புரியவில்லை. பூதக்கண்ணாடி படத்தை அழுத்திப் பெயரைக் கொடுத்தால் பொருந்தும் ஒரு பதிவில் போய் நிற்கும், அடுத்ததற்கு மறுபடி அழுத்த வேண்டும். ஒரே ஒருவரின் போன் நம்பர் வேண்டுமென்றால் அது போதும். நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் நமக்கு வேண்டியது ஒருவர் இல்லை, ஒரு பட்டியல். அதற்கு வடிகட்டி, பொருந்தும் பதிவுகளை மட்டும் காட்டி மற்றதை மறைப்பது.

ஏதாவது ஒரு 'ஓ நெகட்டிவ்' கட்டத்தில் நின்று தானியங்கி வடிகட்டியை அழுத்தினேன். ஒன்பது பேர் வந்தார்கள். எனக்கு முகம் தெரிந்தவர்களே அதைவிட அதிகம். ரத்த வகைப் பத்தியில் என்னென்ன வடிவங்கள் இருக்கின்றன என்று மட்டும் காட்டும்படி ஒரு குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) போட்டுப் பார்த்தால், எட்டு வகை ரத்தத்துக்கு முப்பத்தொரு எழுத்துமுறை! ஓ மைனஸ், ஓ நெகடிவ், ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. போதாததற்கு சிலர் ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யத்தைத் தட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் எட்டாகச் சுருக்கினேன். இப்போது படிவத்தில் யாரும் தட்டச்சு செய்ய முடியாது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும்தான் முடியும்.

அடுத்தது நான் தலைகுனிந்த சம்பவம். ஏ நெகட்டிவ் நோயாளி ஒருவருக்கு அவசரம். ஏ நெகட்டிவ்காரர்களும் கொடுக்கலாம், ஓ நெகட்டிவ்காரர்களும் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். குவெரி வடிவமைப்பில் 'ஏ நெகட்டிவ்' என்பதை முதல் நிபந்தனை வரியிலும், 'ஓ நெகட்டிவ்' என்பதை அதன் கீழே 'அல்லது' வரியிலும் போட்டேன். தேதி நிபந்தனையை முதல் வரியில் மட்டும் எழுதினேன், இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்யும் என்ற நினைப்பில். பட்டியலில் முதலில் வந்தவரை இரவு பதினொன்றரைக்கு எழுப்பினால், "அண்ணே, மூணு வாரம் முன்னாடி நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?" என்கிறார்.

ஒரே வரியில் இருப்பதெல்லாம் சேர்ந்து உண்மையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு 'அல்லது' வரியும் தனிக்குடித்தனம். மேல் வரியின் தேதி கீழ் வரிக்கு எட்டாது. இரண்டு ரத்த வகை, ஆண், பெண் என்று நான்கு வரிகளிலும் நிபந்தனையை முழுதாக எழுதிய பிறகுதான் பட்டியல் யோக்கியமானது.

யோக்கியமானது என்று நினைத்தேன், சரியா? கல்லூரி முகாமில் புதிதாகச் சேர்ந்த பையன்களில் ஒருவர்கூட எந்தப் பட்டியலிலும் வரவே இல்லை. அவர்கள் இதுவரை ரத்தம் கொடுத்ததில்லை, அதனால் தேதிக் கட்டம் காலி. காலிக் கட்டத்தைக் கணினி பழைய தேதி என்று எடுத்துக்கொள்ளாது. 'இந்தத் தேதிக்கு முன்பா' என்றால் அதற்குப் பதிலே இல்லை, பதில் இல்லாதது வடிகட்டியில் விழுந்துவிடும். உடனே கொடுக்கத் தயாராக இருந்தவர்களைத்தான் நான் ஒளித்து வைத்திருந்தேன். 'தேதி காலியாக இருந்தாலும் சேர்' என்று இன்னும் இரண்டு வரி.

கடைசியாகத் தமிழ். கௌசல்யா அக்கா எங்கள் மூத்த கொடையாளர், தேடினால் இல்லை. யாரோ 'ௌ' குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ள-வும் போட்டு 'கெளசல்யா' என்று அடித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் இதாவது கண்ணுக்குப் பிடிபடும். கோமதி விவகாரம் இதைவிட மோசம். இரண்டு கோமதிகள், திரையில் அச்சு அசலாக ஒன்று, தேடினால் ஒருவர் மட்டும். எழுத்து நீளத்தைக் கணக்கிடச் சொன்னேன். ஒன்றுக்கு 5, மற்றதற்கு 6. ஒருவர் பெயரில் 'ோ' ஒரே குறியீடாக இருக்கிறது, இன்னொருவர் பெயரில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றின் உபயம். எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் யூனிகோடு இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது, ஆனால் என் தரவுத்தளம் குறியீடு குறியீடாக ஒப்பிடுகிறது.

கோமதிகளை ஒரே மாற்றுக் கட்டளையில் சரிசெய்தேன். அந்தத் தெம்பில் ஒற்றைக் கொம்பும் ள-வும் வரும் இடமெல்லாம் 'ௌ' ஆகட்டும் என்றும் ஒரு கட்டளை போட்டேன். கௌசல்யா வந்தார், சௌந்தரம் வந்தார். வெள்ளைச்சாமி 'வௌ்ளைச்சாமி' ஆனார், வெள்ளையம்மாளும் கூடவே. அவர்கள் பெயரில் அந்த இரண்டும் நியாயமாகவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்பது எனக்கு உறைக்கவில்லை. நல்லவேளை, கோப்புக்கு முந்தைய நாள் நகல் இருந்தது. இந்த முறை கட்டளை போடாமல் கௌசல்யாக்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொருவராகக் கையால் திருத்தினேன். பதினேழு பேர்தான்.

வெள்ளைச்சாமியிடம் நடந்ததைச் சொன்னேன். ரேஷன் கார்டிலும் தன் பெயர் அப்படித்தான் கிடக்கிறது என்றார்.