"யாருன்னு சொல்லு பாப்போம்"

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் புளோக் படிக்கட்டில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். பின்மண்டையில் அடி, மூளையில் ரத்தக்கசிவு, அறுவை சிகிச்சை. வீட்டார் சொல்லித்தான் எனக்கே இதெல்லாம் தெரியும்.

1987 நவம்பரில் சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியபோது அப்பா கூட்டிப்போனது மட்டும் அப்படியே இருக்கிறது. தோ பாயோவில் ஏறினோம். பிராடல், பீஷான், அங் மோ கியோ, இயோ சூ காங். அவ்வளவுதான் அன்றைக்கு இருந்த நிலையங்கள். டிக்கெட் அட்டையை வாயிலில் செருகும்போது அப்பாவின் கை லேசாக நடுங்கியது. ஆனால் இன்று காலை மாத்திரை போட்டேனா என்றால் டப்பாவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பழையது பத்திரமாக இருக்கிறது, புதிதாகப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில்தான் பாதிப்பு என்று சிகிச்சையாளர் விளக்கினார். (நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.)

போன தைப்பூசத்துக்கு முன்னால் மகளோடு தேக்கா சந்தையில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா தோளைத் தொட்டார். "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாப்போம்." பார்த்த முகம்தான், பெயர் வரவில்லை. "யோசி, யோசி" என்றார். "மல்லிகா அக்காவா?" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் விழுந்த பிறகு எதிர்வீட்டுக்குக் குடிவந்த பரமேஸ்வரி அக்கா அவர். வாழைப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் என்று மகள் சொன்னாள்.

அதற்கப்புறம் லிஃப்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "மல்லிகா"தான் வாயில் வந்தது. ஏன் என்று சிகிச்சையாளரிடம் கேட்டோம். தப்பாக ஊகித்தால் மற்றவர்களுக்கு 'அது தப்பு' என்பதும் சேர்ந்து நினைவிருக்கும், திருத்திக்கொள்வார்கள். எனக்கு அந்தத் திருத்தம் நிற்காது, வாய் சொன்ன பெயர் மட்டும் பழகிப்போகும். அதனால் ஊகிக்கவே விடாமல் சரியான பதிலை முதலில் சொல்லிவிட வேண்டுமாம். தவறில்லாக் கற்றல் என்கிறார்கள்.

மகள் அப்படியே செய்தாள். "எதிர்வீடு, பரமேஸ்வரி அக்கா" என்பாள், உடனே நான் திருப்பிச் சொல்வேன். ஒரு நிமிஷம் கழித்து ஒருமுறை, அப்புறம் ஐந்து நிமிஷம், அரை மணி நேரம், ராத்திரி சாப்பிடும்போது. நான் தயங்கினால் காத்திருக்க மாட்டாள், அவளே சொல்லிவிடுவாள். வாஷிங் மெஷினையும் இப்படித்தான் மறுபடி பழகினேன்.

உங்கள் வீட்டிலும் என்னைப் போல் ஒருவர் இருந்தால், தயவுசெய்து பரீட்சை வைக்காதீர்கள். அன்பினால்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் கேட்கிற அந்த நொடியில் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள்.

பரமேஸ்வரி அக்காவிடம் மகள் இதைச் சொல்லியிருக்கிறாள். நேற்று சாயங்காலம் கையில் கிண்ணத்தோடு கேட் முன்னால் நின்றார். "நான் பரமேஸ்வரி, எதிர்வீடு. ரசம் கொண்டுவந்திருக்கேன்."

"வாங்க, பரமேஸ்வரி அக்கா" என்றேன்.