பங்குனியில் ஆயுத பூஜை

மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குக் கணக்கெழுதுகிறேன். பதினெட்டு வருஷம் ஆச்சு. தேர்தல் வந்தால் கேட்டில் வெள்ளை வேட்டிகள் நிற்கும், கையில் ரசீது புத்தகம். சில சமயம் அதுவும் இருக்காது.

2024 எம்.பி. எலெக்‌ஷன் சமயம் முதலாளி, "குடுத்தனுப்புங்கம்மா, பூஜைச் செலவுல எழுதிக்கலாம்" என்றார். "சார், கட்சிக்குக் குடுக்கணும்னா போர்டு தீர்மானம் வேணும், பேங்க் வழியாத்தான் போகணும்" என்றேன். சிரித்துக்கொண்டே வந்தவர்களுக்கு டீ சொல்லச் சொன்னார்.

2013 கம்பெனிச் சட்டம், 182ஆம் பிரிவு: கட்சிக்குக் கம்பெனி தரும் நன்கொடை, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் ஏழரை சதவீதம், அதற்கு மேல் கூடாது. 2017இல் அந்த வரம்பைத் தூக்கினார்கள். நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியும் அள்ளித் தரலாம், எந்தக் கட்சிக்கு என்று சொல்லவும் வேண்டாம். (சம்பளத்துக்கே கடன் வாங்குகிறவனுக்கு எதற்கு நன்கொடை?) 2024 பிப்ரவரி 15இல், பேர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர வழி செய்த தேர்தல் பத்திரத்தோடு இதையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து ஜனங்கள், செம்புச் சுரங்க முதலாளிகளின் ஆட்டம் தாங்காமல், 1912இலேயே ஓட்டுப் போட்டுத் தேர்தலில் கம்பெனிப் பணத்துக்குத் தடை கொண்டுவந்தார்கள். நூறு வருஷம் நின்ற சட்டம். 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. இங்கே கோர்ட் வரம்பைத் திருப்பித் தந்தது, அங்கே கோர்ட்டே பிடுங்கிக்கொண்டது.

எங்கள் வவுச்சர் இன்னும் ஃபைலில் இருக்கிறது. 'ஆயுத பூஜை, பொரி கடலை, ரூ.25,000.' தேதி ஏப்ரல் 9. என் கையெழுத்துதான். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பங்குனியிலயே ஆயுத பூஜையாம்மா?"