பூட்டாத வண்டி

கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "பூட் ஆகவில்லை", அதாவது கணினி எழவில்லை, என்பது அங்கே நாளுக்குப் பத்து முறை காதில் விழும் பேச்சு. ஒருமுறை ஒரு பெரியவர் அதைப் பூட்டு என்றே எடுத்துக்கொண்டு, "பூட்டு ரிப்பேர்காரர் எதிரிலேயே இருக்கிறாரே, கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். அன்று சிரித்தேன். 2025 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவர் நினைவு வந்தது. சிரிப்பு வரவில்லை.

திரையில் இருந்தது ஒரே வரி: 'நோ பூட்டபிள் டிவைஸ்'. எழுப்புவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி அது. கெடுத்தவன் நான்.

கணினி, தெருமுனையில் அழைப்பிதழ் வடிவமைத்துத் தரும் அக்காவினுடையது. திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தின் நல்லது கெட்டது எல்லாம் அந்த ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அதில் ஓடியது விண்டோஸ் 10. அந்த அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதைப் பற்றித் திரையில் அடிக்கடி வந்த அறிவிப்பைப் பார்த்துப் பயந்துபோய், "தம்பி, இது இனிமேல் ஓடாதா?" என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது என்று சொன்னேன். விண்டோஸ் 11க்குப் போக வழியில்லை. அது இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலியையாவது கேட்கிறது. அக்காவுடையது ஆறாம் தலைமுறை ஐ3.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களை நீட்டித்துக்கொள்ளும் வசதி அப்போதே இருந்தது. ஒரு பதிவு செய்து கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸைப் போட்டுத் தர வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதனால் அந்த நீட்டிப்பைச் சொல்லாமல் லினக்ஸைச் சொன்னேன்.

திட்டம் மோசமானதும் இல்லை. அக்காவின் தொழில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் நடக்கிறது. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்கள்தான் அதில் ஓடும். பாமினி போன்ற எழுத்துருக்களில் 'அ' குடியிருப்பது ஆங்கிலச் சின்ன எழுத்து 'எம்'மின் வீட்டில். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் மணமகன், மணமகள், இரு வீட்டுப் பெரியோர்கள் எல்லாரும் புரியாத ஆங்கில எழுத்துகளாக உதிர்ந்து கிடப்பார்கள். ஆகவே விண்டோஸை எடுக்க முடியாது. அதை இணையத் தொடர்பு இல்லாமல் பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பக்கத்திலேயே லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மிண்ட் 22 போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை, அதாவது பார்ட்டிஷனைச் சுருக்கி 100 ஜிபி இடம் எடுத்தேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தேன். அதை விட்டுவைத்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும், அந்த நிலையில் லினக்ஸ் அதன் கோப்புகளைத் தொட்டால் சேதம் வரலாம். இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

பென் டிரைவைச் சொருகி எஃப்12ஐ அழுத்தியபோது எதுவும் வரவில்லை. எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பட்டியல் அந்த விசைக்கு வர வேண்டும்; சில கணினிகளில் அது பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்பில் அணைக்கப்பட்டே வரும். உள்ளே போய் ஒரு வரியை மாற்றினால் போதும். என் கை அதைச் செய்யவில்லை. பழக்கத்தில், பூட் முறையை யுஇஎஃப்ஐ என்ற புது முறையிலிருந்து லெகசி என்ற பழைய முறைக்கு மாற்றியது. பென் டிரைவ் உடனே எழுந்தது.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நான் தொழிலுக்கு வந்தது 2011இல். அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் பலவற்றில் விண்டோஸும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பையன்கள் இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். கணினியை எழுப்பிவிடும் க்ரப் என்ற நிரலின் மீதிப் பகுதி அந்தப் பார்ட்டிஷனில்தான் இருக்கும். மறுமுறை போட்டால் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். கடைக்குக் கடை அதே காட்சி. சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும், ஆனால் பெரும்பாலான கடைகளில் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்துதான் கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். யுஇஎஃப்ஐ பரவலாக வந்த பிறகும் என் கை அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது.

மிண்ட் நிறுவல் ஓடி முடியும் தறுவாயில் ஒரு பெட்டி தோன்றியது. க்ரப்பை நிறுவ முடியவில்லை, இது 'ஃபேட்டல் எரர்' என்றது. கவுண்டரில் ஒருவர் சார்ஜர் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை மூடினேன். கணினியை மறுதொடக்கம் செய்தேன். அதன்பின் வந்ததுதான் அந்தக் கறுப்புத் திரை. மிண்டும் வரவில்லை, விண்டோஸும் வரவில்லை.

ஐப்பசி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ்கள் உள்ளே இருந்தன. மறுநாள் மாலை தருவதாகச் சொல்லியிருந்தேன். நகல் எடுத்திருந்தேனா என்று கேட்காதீர்கள். மற்றவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி அது. அன்று என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைப் பையன் பத்தொன்பது வயதுக்காரன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், "அண்ணே, பேசாமல் ஃபார்மட் செய்துவிடலாமா?" என்றான். அவன் குரலில் என் குரல் கேட்டது. அந்த 'பேசாமல்' என்ற சொல் உள்பட எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தவை.

நான் வேலை கற்ற கடையில் நடந்த ஒன்றை அவனிடம் அதுவரை சொன்னதில்லை. ஓர் அரிசி மில்காரர் கணினியைக் கொண்டுவந்தார். பூட் ஆகவில்லை. "கணக்கெல்லாம் டி டிரைவில்தானே இருக்கும்?" என்று கேட்டேன். "இருக்கும் தம்பி" என்றார். அவருக்கு டி எது, சி எது என்று எப்படித் தெரியும்? சி டிரைவை ஃபார்மட் செய்தேன். பதினொரு மாதக் கணக்கு சி டிரைவில் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. பில் கட்டுகளை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய், ஆள் வைத்து மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கடைப் பக்கம் அவர் மறுபடி வரவில்லை. எங்கள் தொழிலில் ஃபார்மட் என்பது வைத்தியம் போலப் பேசப்படுகிறது. அது மிச்சப்படுத்துவது எங்கள் நேரத்தை மட்டும்தான்.

பையனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்தப் பெட்டியில் 'ஃபேட்டல்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருந்தது? க்ரப்பை நிறுவ முடியவில்லை என்று இருந்தது. ஏன் முடியாது? ஹார்டு டிஸ்க் வட்டு புது முறையில் பிரிக்கப்பட்டது, நான் பழைய முறையில் அதை அணுகியிருக்கிறேன்.

பழைய முறையில் கணினி எழுந்ததும் வட்டின் முதல் துண்டான முதல் செக்டாருக்குப் போகும். 512 பைட், அதில் 446 பைட்டுக்குள் தொடக்க நிரல் அடங்கியிருக்க வேண்டும். தெருவின் முதல் வீட்டுத் திண்ணையில் இருப்பவரிடம் வழி கேட்பதுபோல. புது முறையில் தாய்ப்பலகையின் நினைவகத்தில் ஒரு முகவரிப் பட்டியல் இருக்கும். கணினி அதைப் பார்த்து, ஃபேட்32 வடிவில் ஒதுக்கிய ஒரு சிறு பார்ட்டிஷனுக்குப் போய், அங்கே குறிப்பிட்ட கோப்பை எழுப்பும். புது முறை வட்டிலும் முதல் செக்டாரில் ஏதோ எழுதியிருக்கும். பழைய மென்பொருள்கள் வட்டைக் காலி என்று நினைத்து அழித்துவிடாமல் இருக்க வைத்த சோளக்கொல்லைப் பொம்மை அது. நான் கணினியை அந்தப் பொம்மையிடம் வழி கேட்க அனுப்பியிருந்தேன்.

வண்டி இருந்தது, மாடும் இருந்தது. பூட்டவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பூட்டுவது என்றால் கதவுக்கு மட்டும் சொல்வதில்லை, நுகத்தடியில் மாட்டைக் கட்டுவதற்கும் அதே சொல். அந்தப் பெரியவர் நினைத்ததைவிட இதுதான் 'பூட்' ஆவதற்கு நெருங்கிவருகிறது.

எஃப்2வை அழுத்தி உள்ளே போய், லெகசியை மறுபடி யுஇஎஃப்ஐ ஆக்கிச் சேமித்தேன். பதினைந்து விநாடியில் விண்டோஸ் வந்து நின்றது, ஒன்றுமே நடக்காததுபோல. திரைப் பின்னணியில் அக்காவின் மகள் பட்டுப்பாவாடையில். பையன் டீயோடு உள்ளே வந்து, "என்ன அண்ணே செய்தீர்கள்?" என்றான். "செய்ததைத் திருப்பினேன்" என்றேன். அந்த நிமிடமே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கை எடுத்து அக்காவின் கோப்புகள் அனைத்தையும் நகல் எடுத்தேன். காலையிலேயே செய்திருக்க வேண்டியது.

ஒரு எச்சரிக்கை. வட்டை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்ட கணினியாக இருந்தால், இப்படி அமைப்புகளை மாற்றும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிட வாய்ப்புண்டு. அக்காவுடையதில் அது இல்லை. என் சாமர்த்தியத்தில் அதற்குப் பங்கில்லை.

மிண்ட் மீதி இருந்தது. இம்முறை எஃப்12 பட்டியலை முறைப்படி இயக்கி, யுஇஎஃப்ஐ முறையிலேயே பென் டிரைவை எழுப்பினேன். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் மிண்டின் நேரடிப் பதிப்பிலேயே 'பூட் ரிப்பேர்' என்ற கருவி இருக்கிறது. அது நான் நிறுவியிருந்த லினக்ஸைக் கண்டுபிடித்து, க்ரப்பை அந்தச் சிறு பார்ட்டிஷனில் எழுதிக் கொடுத்தது. மறுதொடக்கம் செய்தால் நேராக விண்டோஸ். மறுபடி செய்தேன். மறுபடி விண்டோஸ். கோப்பு இருக்கிறது, முகவரிப் பட்டியலில் மட்டும் பதிவு நிற்கவில்லை.

சில தயாரிப்புகளின் குணம் அது. நம்பகமான நிரலை மட்டுமே எழவிடும் செக்யூர் பூட் இயங்கும்போது, தாமே அறியாத கோப்பை அவை பட்டியலில் வைத்துக்கொள்ளாது. உள்ளே போய் இன்ன கோப்பை நம்பு என்று நாம் கைகாட்ட வேண்டும். அந்த வரியோ மங்கலாக, தொட முடியாதபடி இருந்தது. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்த பிறகுதான் அது உயிர் பெற்றது. பூட்டுப் போட்டால்தான் கதவு திறக்கிறது! இதை வடிவமைத்தவரோடு ஒரு டீ குடித்தபடி பேச எனக்கு நெடுநாள் ஆசை. பாஸ்வேர்டு வைத்து, 'உபுண்டு' என்ற கோப்புறைக்குள் போய் (மிண்ட் உபுண்டுவின் வழிவந்தது, பெயரை மாற்றிக்கொள்ளவில்லை) ஷிம் என்ற கோப்பைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் முதலிடம் கொடுத்தேன். பச்சை இலைச் சின்னம் வந்தபோது மணி பதினொன்றே கால். தெருவில் யாரோ சரவெடியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த பாஸ்வேர்டை மறந்தால் கழற்றுவது பெரும்பாடு. பயாஸ் பேட்டரியைப் பிடுங்கினால் போய்விடும் என்று சொல்வார்கள்; பல மடிக்கணினிகளில் போகாது. மறுநாள் கணினியைக் கொடுத்தபோது அதை ஒரு மாதிரி அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதன் மூலையில் மஞ்சள் தடவாத குறைதான், கல்லாப்பெட்டியில் சாமி படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார். நடந்தது முழுவதையும் சொன்னேன், ஓராண்டு நீட்டிப்பைச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. "கோப்பு இருக்கிறதா இல்லையா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்புறம் என்ன?" என்று கணினியைத் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டார். பணம் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை, அதுவும் நியாயம்தான்.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, பேஜ்மேக்கர் பக்கம் போனால் மணி ஐந்து என்று காட்டுகிறது. அந்தப் பச்சை இலைப் பக்கம் சரியாக இருக்கிறது."

ஐந்தரை மணி நேர வித்தியாசம். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைத்துக்கொள்ளும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று படிக்கும். விண்டோஸுக்கு இணையத் தொடர்பு இருந்திருந்தால் தானே சரிசெய்துகொண்டிருக்கும். அதைத் துண்டித்ததும் நான்தான். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையில் தீர்ந்துவிடும். பையனை அனுப்பலாம் என்று எழுந்தேன். அவன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, "அண்ணே, அக்காவிடம் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறேன்" என்றான்.