கீற்றின் அடிப்பக்கம்

செப்டம்பர் 4, 2016. கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்
தென்னந்தோப்பின் தெற்கு வரிசையில் அடிமட்டையெல்லாம் கரி அப்பின மாதிரி கிடக்கிறது. கீற்றைத் திருப்பினால் வெள்ளை மெழுகுப்பொடி, அதற்குள் சுழிசுழியாக முட்டைகள். மேல்கீற்றில் இருந்து பிசின் சொட்டித்தான் கீழே இந்தக் கரும்பூசணம்.

செப்டம்பர் 5
அப்பா இன்றும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 9
மாமா சொல்கிறார், "இது பழைய சுருள் வெள்ளை ஈ தான் கண்ணு. தொண்ணூத்தி மூணுலயே கேரளாவுக்குள்ள வந்ததாச்சே." இருக்கலாம். ஆனால் இது பெரிசு, மந்தம். விரலை நீட்டினாலும் எழும்ப யோசிக்கிறது. லென்ஸில் பார்த்தால் இறக்கையில் வெளிர் பழுப்பாய் ஒழுங்கற்ற பட்டை. ராத்திரி முழுக்க அந்தப் பட்டைதான் கண்ணில்.

செப்டம்பர் 11
பக்கத்துத் தோப்பில் மருந்தடிக்க ஆள் பேசியாயிற்று. நம் மரங்கள் கள்ளுக்கு விட்டவை. சீவுகிற அண்ணன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "மருந்து பட்ட மரத்துல நான் கலயம் கட்ட மாட்டேனுங்க." எங்கள் சித்தூர் தாலுகா கள்ளு கேரளா பூராவும் போகிறது. யார் குடிப்பது அதை?

செப்டம்பர் 14
ஓணம். ஆபீஸ் எல்லாம் பூட்டு. என்ன ஈ என்று காட்டிக் கேட்கச் சாராயக் குப்பியில் போட்டு வைத்த கீற்றுத் துண்டு அலமாரியிலேயே.

செப்டம்பர் 16
காவிரிக்காகத் தமிழ்நாட்டுப் பக்கம் பந்த். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பஸ் இல்லை. அப்பாவுக்கு மாத்திரையும் அந்தப் பக்கம்தான்.

செப்டம்பர் 19, கோவை
பூச்சி ஆய்வகம். பறக்கிற ஈயை வைத்து உறுதி சொல்ல மாட்டார்களாம். கூட்டுப்புழுத் தோலைப் பொட்டாஷ் காரக் கரைசலில் காய்ச்சி, வெளுக்க வைத்து, கண்ணாடியில் ஏற்ற வேண்டும். மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார் ஆய்வகத்து மேடம். முதுகில் வலைப்பின்னல். பின்பக்கத்துச் சின்ன மூடி முழுக்கச் சுருக்கம். அந்தச் சுருக்கத்தால்தான் இதற்கு ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று பெயர், மாமா சொன்ன பழைய ஈ இல்லை. பெலீஸ் நாட்டில் பிடித்ததற்கு 2004இல் பெயர் வைத்தார்கள். 2009இல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. இங்கே எப்படி? பொள்ளாச்சியிலும் இருக்கிறதாம். நாற்றோடு வந்திருக்கும் என்கிறார் ஒருத்தர், எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை.

மருந்து வேண்டாம் என்று மட்டும் அழுத்திச் சொன்னார்கள். அடித்தால், ஈயின் கூட்டுக்குள் வளர்ந்து அதைக் கொல்கிற ஒட்டுண்ணிக் குளவிதான் முதலில் சாகும்.

செப்டம்பர் 20
கருத்த கூடு தேடுகிறேன். குளவி முட்டையிட்ட கூடு கருக்குமாம்.

செப்டம்பர் 21
இருக்கிறது! கிணற்றடி மரத்தில். கருப்புக்கூட்டின் முதுகில் ஊசி குத்தினாற்போல் வட்ட ஓட்டை, குளவி வெளியேறிவிட்டது. அப்பாவிடம் லென்ஸைக் கொடுத்தேன். "கை நடுங்குது, போ" என்றார்.

செப்டம்பர் 22
பக்கத்துத் தோப்பில் விடியற்காலை ஸ்பிரேயர் வைக்கிறார்களாம். காற்று நம் பக்கம் அடிக்கிறது. அந்த மட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு போய் அந்தத் தோப்புக்காரர் கண்ணிலேயே காட்டப் போகிறேன். கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி போதும் என்றால் சிரிப்பார். சிரிக்கட்டும். மோட்டாரை மட்டும்